வசனம் மனப்பாடம், கோபம் மட்டும் அடங்கவில்லை

கேள்வி: பல ஆண்டுகளாக ஞாயிறு பள்ளி ஆசிரியராக ஊழியம் செய்து வருகிறேன். சபையில் என்னைப் பொறுமைசாலி என்றுதான் சொல்வார்கள். வீட்டில் நிலைமை வேறு. சென்ற மாதம் பதினான்கு வயதான என் மகன், "இனி ஞாயிறு பள்ளிக்கு வரமாட்டேன்" என்றான். ஏன் என்று கேட்கவே எனக்குத் தோன்றவில்லை. ஆசிரியரின் மகனே வராவிட்டால் சபையார் என்ன நினைப்பார்கள் என்ற எண்ணத்தில் வெகுநேரம் கத்தினேன். கையிலிருந்த பாடப் புத்தகத்தைச் சுவரில் எறிந்தேன். அன்றிரவு குடும்ப ஜெபத்தில் கீழ்ப்படியாத பிள்ளைகளுக்காக ஜெபித்தேன். வகுப்பில் வேதம் வாசிக்கும்போது அவனுக்கு வாய் திக்குவதை இரண்டு மாணவர்கள் கேலி செய்கிறார்கள் என்பதை மறுநாள்தான் மனைவி சொன்னாள். வெட்கத்தில் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. சூரியன் அஸ்தமிக்குமுன் பேசித் தீர்க்க வேண்டும் என்று மனைவி வற்புறுத்தியதில் நள்ளிரவு வரை சண்டை வந்ததுதான் மிச்சம். யாக்கோபு 1:19 எனக்கு மனப்பாடம், பயன்தான் இல்லை. தேவனுடைய காரியத்துக்காக வந்த கோபம் நீதியான கோபம் ஆகாதா? நான் பேசாமல் இருந்தது நாவடக்கம் இல்லையா? மகனிடம் மன்னிப்புக் கேட்டால் தகப்பன் என்ற மதிப்பு போய்விடாதா? ஊழியத்திலிருந்து விலகிவிடட்டுமா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்:

அன்புள்ள சகோதரருக்கு,

நீங்கள் கேட்டிருக்கும் நான்கு கேள்விகளுக்கும் வருகிறேன். அதற்கு முன்னால், கேள்வியாக எழுதாமல் போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கும் ஒரு வரியில் நிற்க வேண்டியிருக்கிறது. "ஏன் என்று கேட்கவே எனக்குத் தோன்றவில்லை" என்கிறீர்கள். குடும்ப ஆலோசனைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கோபத்தை அடக்க வழி கேட்டுத்தான் வருகிறார்கள். ஆனால் நடந்ததை வரிசையாகச் சொல்லச் சொன்னால், தடுமாற்றம் கோபத்திற்குச் சற்று முன்னாலேயே, எதிரில் இருப்பவர் சொல்ல வந்ததை முடிக்குமுன் அதற்கு நாமே ஓர் அர்த்தம் கற்பித்துவிடுகிற இடத்தில், தொடங்கியிருப்பது தெரியவரும். உங்கள் மகன் சொன்னது ஒரு வாக்கியம். அதற்குப் பின்னால் காரணம் ஒன்று காத்திருந்தது. நீங்கள் பதில் சொன்னது அந்தக் காரணத்திற்கு அன்று, உங்கள் மனதில் எழுந்த அச்சத்திற்கு.

உங்களுக்கு மனப்பாடமான வசனத்தை நிதானமாக மறுபடி வாசிப்போம். "யாவரும் கேட்கிறதற்குத் தீவிரமாயும், பேசுகிறதற்குப் பொறுமையாயும், கோபிக்கிறதற்குத் தாமதமாயும் இருக்கக்கடவர்கள்" என்கிறார் யாக்கோபு. நாம் இந்த வசனத்தைக் கோபத்தைப் பற்றிய வசனமாகவே நினைவில் வைத்திருக்கிறோம். பிரசங்கங்களிலும் அப்படித்தான் எடுத்தாளப்படுகிறது. ஆனால் அது கேட்பதில் தொடங்குகிறது. மூன்றில் வேகமாகச் செய்யச் சொல்லப்பட்டதும் அது ஒன்றுதான். மற்ற இரண்டையும் மெதுவாகச் செய்யச் சொல்கிறார். முதலாவதை விட்டுவிட்டு மூன்றாவதை மட்டும் பிடித்துக்கொண்டு போராடுகிறவர், எரிகிற அடுப்பை அணைக்காமல் பொங்குகிற பாலை மூடியால் அமுக்கப் பார்க்கிறவரைப் போன்றவர். வசனம் பயன் தரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதன் கடைசிப் பகுதியை மட்டுமே நீங்கள் செய்து பார்த்தீர்கள் என்பது என் எண்ணம்.

நீதிமொழிகள் 18:13 இதை இன்னும் நேரடியாகச் சொல்கிறது: "காரியத்தைக் கேட்குமுன் உத்தரம் சொல்லுகிறவனுக்கு, அது புத்தியீனமும் வெட்கமுமாயிருக்கும்." மனைவி உண்மையைச் சொன்னபோது உங்களுக்கு வந்தது இந்த வெட்கம்தான். அதை ஒரு தண்டனையாக எடுத்துக்கொள்ளாமல், எங்கே தவறினோம் என்பதைச் சரியாகக் காட்டிக்கொடுத்த அடையாளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சபையில் பொறுமைசாலி, வீட்டில் கோபக்காரன் என்ற முரண்பாட்டை எண்ணி நீங்கள் வருந்துகிறீர்கள். எனக்கு அதில் நம்பிக்கை தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவனின் தாய் வந்து, "என் பிள்ளை இனி வரமாட்டான் என்கிறான், சார்" என்று சொல்லியிருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? "அப்படியா அம்மா, என்ன நடந்தது?" என்று கேட்டிருப்பீர்கள். அவர் சொல்லி முடிக்கும் வரை தலையசைத்துக்கொண்டு நின்றிருப்பீர்கள். ஆகவே கேட்கத் தெரியாதவர் அல்ல நீங்கள். வெளியாருக்குக் கொடுக்கும் அந்த மரியாதையை மகனுக்குக் கொடுக்க வேண்டியதில்லை என்று உள்ளுக்குள் எங்கோ முடிவு செய்திருக்கிறீர்கள். வீட்டாரிடம் கேட்காமலே எல்லாம் தெரியும் என்ற எண்ணம் நம் எல்லோருக்கும் உண்டு. அதனால்தான் அதிகம் நேசிக்கிறவர்களை மிகக் குறைவாகக் கேட்கிறோம்.

இனி உங்கள் முதல் கேள்வி. நீதியான கோபம் என்று ஒன்று உண்டா? உண்டு. "நீங்கள் கோபங்கொண்டாலும் பாவஞ்செய்யாதிருங்கள்" என்று பவுல் எபேசியருக்கு எழுதும்போது, பாவமில்லாத கோபத்திற்கு இடம் வைத்தே எழுதுகிறார். மாற்கு 3ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் ஓய்வுநாளில் ஜெப ஆலயத்திற்குள் போகிறார். சூம்பின கையையுடைய ஒரு மனிதன் அங்கே இருக்கிறான். அவனைச் சுகப்படுத்தினால் ஆண்டவர்மேல் குற்றஞ்சாட்டலாம் என்று சிலர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "அவர்களுடைய இருதயகடினத்தினிமித்தம் அவர் விசனப்பட்டு, கோபத்துடனே சுற்றிலும் அவர்களைப் பார்த்து" என்று எழுதியிருக்கிறது. அந்தக் கோபத்தோடு கூடவே துக்கம் இருந்தது. அது வேறொருவனுடைய வேதனைக்காக எழுந்தது. அடுத்த கணமே அந்த மனிதனின் கை குணமானது. தம்மைத் தூஷித்தபோது அவர் எப்படி இருந்தார் என்பதைப் பேதுரு எழுதியிருக்கிறார்: "அவர் வையப்படும்போது பதில்வையாமலும், பாடுபடும்போது பயமுறுத்தாமலும்" இருந்தார். பலவீனருக்காக எழும் கோபத்தையும், தன் மானத்துக்காக எழும் கோபத்தையும் இந்த இரண்டு காட்சிகளையும் அருகருகே வைத்துப் பார்த்துப் பிரித்தறியலாம்.

உங்கள் கோபம் இவற்றில் எந்தப் பக்கம் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. "சபையார் என்ன நினைப்பார்கள்" என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். தேவனுடைய காரியம் என்று தோன்றியது, பார்க்கப்போனால் ஆசிரியர் என்ற உங்கள் பெயரைப் பற்றிய கவலை. அந்த வீட்டில் நீதியான கோபத்திற்கு உண்மையிலேயே ஒரு காரணம் இருந்தது: ஒரு சிறுவன் வேதத்தைத் திறந்து வாசிக்கும்போது அவனுடைய குறையைச் சொல்லிச் சிரித்தார்கள். அந்தக் காரணத்தை நீங்கள் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அதே கோபம் உங்களை மகனுக்கு எதிரே நிறுத்தாமல் அவன் பக்கத்தில் நிறுத்தியிருக்கும். "மனுஷருடைய கோபம் தேவனுடைய நீதியை நடப்பிக்கமாட்டாதே" என்று யாக்கோபு உடனே அடுத்த வசனத்தில் சேர்ப்பது இப்படிப்பட்ட நேரங்களுக்காகத்தான்.

நோக்கம் நல்லதாக இருந்தால் கோபத்தின் தொனியை மன்னித்துவிடலாம் என்று வாதிடுகிறவர்களுக்கு எண்ணாகமம் 20ஆம் அதிகாரத்தைக் காட்டுவேன். ஜனங்கள் தண்ணீருக்காக முறுமுறுத்தார்கள். கன்மலையைப் பார்த்துப் பேசும்படி மோசேக்குக் கட்டளை. பூமியில் எல்லாரிலும் மிகுந்த சாந்தகுணமுள்ளவன் என்று பெயர் பெற்ற அந்த மனிதர், "கலகக்காரரே, கேளுங்கள்" என்று சீறி, கோலால் இரண்டு தரம் அடித்தார். தண்ணீர் வந்தது, ஜனங்களின் தாகம் தீர்ந்தது. ஆனாலும் மோசே வாக்குத்தத்த தேசத்திற்குள் போகவில்லை. "தன் உதடுகளினால் பதறிப்பேசினான்" என்று 106ஆம் சங்கீதம் அதைக் குறிப்பிடுகிறது. பலன் கிடைத்துவிட்டது என்பதால் பதற்றமாகப் பேசிய பேச்சு சரியாகிவிடவில்லை. நாளைக்கு உங்கள் சத்தத்திற்குப் பயந்து மகன் ஞாயிறு பள்ளிக்கு வந்து உட்காரலாம். அதை வெற்றி என்று எண்ணிவிடாதீர்கள்.

கேட்பதைப் பற்றி வேதம் காட்டும் சம்பவங்களில் உங்கள் வீட்டு நிலைமைக்கு மிக நெருக்கமானது யோசுவா 22ஆம் அதிகாரம். அது அதிகம் பிரசங்கிக்கப்படுவதில்லை. ரூபன், காத் கோத்திரத்தாரும் மனாசேயின் பாதிக் கோத்திரத்தாரும் யோர்தானுக்கு அக்கரையில் தங்கள் சுதந்தரத்திற்குத் திரும்பிப் போகும் வழியில், ஆற்றங்கரையில் பார்வைக்குப் பெரிதான ஒரு பீடத்தைக் கட்டினார்கள். செய்தி எட்டியதும் மற்ற இஸ்ரவேலர் சீலோவிலே கூடி யுத்தத்திற்கு ஆயத்தமானார்கள். அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஆசரிப்புக் கூடாரத்திற்குப் போட்டியாகப் பலிபீடம் எழும்பிவிட்டது, கர்த்தரைவிட்டு விலகிவிட்டார்கள். நல்லவேளையாக, பட்டயம் எடுக்குமுன் ஆசாரியனான பினெகாசையும் பத்துப் பிரபுக்களையும் அனுப்பினார்கள். போனவர்கள் மென்மையாகப் பேசினார்கள் என்று சொல்ல முடியாது, குற்றச்சாட்டோடுதான் தொடங்கினார்கள். ஆனால் பதிலை முழுவதும் கேட்டார்கள். பதில் நேர்மாறாக இருந்தது. நாளைக்கு உங்கள் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளைப் பார்த்து, யோர்தானுக்கு அப்பால் இருக்கிற உங்களுக்குக் கர்த்தரிடத்தில் பங்கில்லை என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, சாட்சியாக மட்டும் இதைக் கட்டினோம், பலியிடுவதற்கு அல்ல என்றார்கள். விலகிப் போவதுபோல் தெரிந்த செயலுக்குள், ஒதுக்கப்பட்டுவிடுவோமோ என்ற பயம் இருந்தது. பினெகாசும் பிரபுக்களும் கேட்டுத் திருப்தியடைந்தார்கள்; யுத்தப் பேச்சு அதோடு நின்றது.

"வரமாட்டேன்" என்று உங்கள் மகன் சொன்னதற்குள்ளும் ஒதுக்கப்படும் பயம்தான் இருந்தது. பதின்ம வயதுப் பிள்ளைகள் வலியை வலி என்று சொல்வது அரிது. மறுப்பாக, அலட்சியமாக, சில நேரம் திமிராகவே அது வெளியே வரும். எனவே பிள்ளை சொல்லும் முதல் வாக்கியத்திற்குப் பதில் சொல்லாமல் இரண்டாவது வாக்கியத்திற்காகக் காத்திருப்பதைப் பெற்றோர் பழகிக்கொள்ள வேண்டும். "சரி, சொல்லு" என்ற இரண்டு சொற்கள் போதும். கைபேசியை வைத்துவிட்டு, நின்றுகொண்டிருந்தால் உட்கார்ந்து, அந்த இரண்டு சொற்களைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அவன் சொல்லி முடித்ததும், உங்கள் கருத்தைச் சொல்லுமுன், "நீ சொன்னதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன், சரிதானா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். "அப்படி இல்லைப்பா" என்று அவன் திருத்தினால், இன்னும் கேட்டு முடியவில்லை என்று பொருள்.

திக்கிப் பேசும் பிள்ளையைக் கேட்பதற்குத் தனியாகச் சில கவனங்கள் வேண்டும். சொல் நின்றுபோகிற இடத்தில் நீங்கள் அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்து வாக்கியத்தை முடித்துவைக்காதீர்கள். "மெதுவாகப் பேசு", "மூச்சை இழுத்துவிட்டுப் பேசு" என்று சொல்லாதீர்கள். அன்போடு சொன்னாலும் அது அவன் சொல்ல வந்த செய்தியை விட்டு அவன் வாயைக் கவனிப்பதாகவே அவனுக்குப் படும். பார்வையை விலக்காமல், இயல்பாக முகத்தைப் பார்த்துக்கொண்டு, எவ்வளவு நேரமானாலும் காத்திருங்கள். எப்படிச் சொன்னான் என்பதை விட்டுவிட்டு, என்ன சொன்னான் என்பதற்குப் பதில் சொல்லுங்கள். இதோடு, பேச்சுப் பயிற்சி நிபுணர் ஒருவரைப் பார்க்கலாமா என்று அவனிடமே கேளுங்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆசிரியராக இருப்பதால், "மோசேயும் திக்குவாயும் மந்தநாவும் உள்ளவர்தானே, கர்த்தர் அவரைப் பயன்படுத்தவில்லையா?" என்று உடனே ஆறுதல் சொல்லத் தோன்றும். அந்த வசனத்திற்கு ஒரு நாள் வரும். அவன் தன் வேதனையைச் சொல்லி முடிக்குமுன் அதைச் சொன்னால், அதுவும் காரியத்தைக் கேட்குமுன் சொல்லும் உத்தரம்தான்.

யோவான் 11ஆம் அதிகாரத்தில் மார்த்தாள், மரியாள் இருவரும் ஆண்டவரிடம் சொல்வது ஒரே வாக்கியம்: நீர் இங்கே இருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான். மார்த்தாளுக்கு உயிர்த்தெழுதலைப் பற்றிய உபதேசம் கிடைத்தது. மரியாளிடம் அவர் உபதேசம் பண்ணவில்லை. அவள் அழுகிறதைக் கண்டு கலங்கினார், கண்ணீர் விட்டார். வாக்கியத்தை மட்டும் கேட்டிருந்தால் இருவருக்கும் ஒரே பதில் போதுமே. சொன்னவரையும் சேர்த்துக் கேட்டதால் பதில் வேறுபட்டது.

பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். நியாயாதிபதிகள் புத்தகத்தில் எப்பிராயீம் கோத்திரத்தார் இரண்டு முறை ஒரே மனக்குறையோடு வருகிறார்கள்: யுத்தத்திற்கு எங்களை ஏன் அழைக்கவில்லை? முதல் முறை கிதியோனிடம் வந்து பலமாய் வாக்குவாதம் செய்தார்கள். அவர், நான் செய்தது என்ன பெரிது, உங்கள் மீதியான திராட்ச அறுப்பு எங்கள் முழு அறுப்பைவிட மேலல்லவா என்று அவர்களை உயர்த்திப் பேசினார். அவர்களுடைய கோபம் ஆறிவிட்டது. இரண்டாம் முறை யெப்தாவிடம் வந்தார்கள். உன் வீட்டைச் சுட்டெரிப்போம் என்று அவர்களும் மிஞ்சித்தான் பேசினார்கள்; அவரோ நியாயத்தை எடுத்துச் சொல்லிவிட்டு யுத்தத்திற்குப் புறப்பட்டார். விழுந்தவர்கள் 42,000 பேர். யெப்தா சொன்னதில் பொய் இருந்ததாக நமக்குத் தெரியவில்லை. அவர் பக்கம் நியாயம்கூட இருந்திருக்கலாம். நியாயம் நம் பக்கம் இருக்கும்போதுதான் நாவு அதிகம் கட்டவிழ்கிறது என்பதால் இதைச் சொல்கிறேன். "மெதுவான பிரதியுத்தரம் உக்கிரத்தை மாற்றும்" என்ற வசனத்தைக் கோழைத்தனத்திற்கு ஆதரவாகப் படிக்க வேண்டியதில்லை. மீதியானியரைத் துரத்திக்கொண்டு யோர்தானைக் கடந்த கிதியோன் கோழை அல்ல.

வீட்டுப் பேச்சில் நான் முதலில் கைவிடச் சொல்வது, "எப்போதுமே நீ இப்படித்தான்", "உன்னால் எனக்குத் தலைகுனிவு" போன்ற, பிள்ளையின் செயலை விட்டு அவனையே தாக்கும் வாக்கியங்களை. "பிதாக்களே, உங்கள் பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி, அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள்" என்று கொலோசெயருக்கு எழுதப்பட்டதில், "திடனற்றுப்போகாதபடி" என்ற காரணத்தைக் கவனியுங்கள். அடுத்ததாக, அன்றிரவு நீங்கள் செய்த ஜெபம். கண்களை மூடிக்கொண்டு, கீழ்ப்படியாத பிள்ளைகளுக்காகக் கர்த்தரிடம் விண்ணப்பம் பண்ணினீர்கள். ஆனால் அதைக் கேட்க வேண்டியவன் பக்கத்தில் முழங்காலில் இருந்த மகன் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். இது பல கிறிஸ்தவ வீடுகளில் நடக்கிற காரியம். எதிர்த்துப் பேச முடியாத இடத்தில் வைத்துத் திட்டுவதற்கு ஜெபத்தைப் பயன்படுத்தினால், பிள்ளை தகப்பனிடமிருந்து மட்டுமல்ல, ஜெபத்திலிருந்தும் விலகிப் போவான். நாவினாலே தேவனைத் துதிக்கிறோம், அதினாலேயே மனுஷரைச் சபிக்கிறோம் என்று யாக்கோபு 3ஆம் அதிகாரம் சொல்வதற்கு இதைவிட அருகில் உதாரணம் தேட வேண்டியதில்லை. அதே அதிகாரம், போதகம் செய்கிறவர்களுக்கு அதிக ஆக்கினை உண்டு என்ற எச்சரிப்போடு தொடங்குகிறது என்பதும் உங்களுக்கும் எனக்கும் நினைவிருக்க வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இரண்டு நாள் பேசாமல் இருந்தது நாவடக்கமா? வெட்கத்தால் இருந்தேன் என்கிறீர்கள், நம்புகிறேன். ஆனால் நீங்கள் வெட்கப்பட்டது மகனுக்கு எப்படித் தெரியும்? அப்பாவின் கோபம் இன்னும் தீரவில்லை என்றுதான் அவன் எண்ணியிருப்பான். பேசுகிறதற்குப் பொறுமை என்பது கேட்பதற்காக வாயை மூடுவது. அந்த மௌனத்தில் எதிரில் இருப்பவருக்கு இடம் கிடைக்கிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டு இருக்கும் மௌனத்திலோ ஒருவருக்கும் இடமில்லை. தனிமையில் இருந்தால் கோபம் தானாகக் கரைந்துவிடும் என்று எண்ணுகிறவர்களுக்கு, 5ஆம் நூற்றாண்டில் துறவற வாழ்க்கையைப் பற்றி எழுதிய யோவான் காசியன் தன் அனுபவத்தைச் சொல்லியிருக்கிறார்: மனிதர் இல்லாத வனாந்தரத்தில் இருந்தபோது, எழுதுகோல் தடிமனாகவோ மெல்லியதாகவோ இருந்தால் அதன்மேல் கோபம் வந்தது, கத்தி சரியாக வெட்டாதபோது அதன்மேல் வந்தது, தீக்கல்லில் பொறி உடனே எழும்பாவிட்டால் அதன்மேலும் வந்தது என்கிறார். கோபமூட்டுகிற ஆட்கள் இல்லாமற்போனால் கோபம் பொருட்களின்மேல் பாயும் என்பதை, சுவரில் மோதிய அந்தப் பாடப் புத்தகமும் காட்டிவிட்டது.

உங்கள் மனைவி சொன்ன சூரியன் அஸ்தமிக்கும் வசனத்தில் அவர் நோக்கம் சரி, நேரம்தான் சரியில்லை. "சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது" என்றுதான் எழுதியிருக்கிறது. விவாதம் முடியக்கடவது என்று இல்லை. எரிச்சலைப் பேணி வளர்த்து அடுத்த நாளுக்குக் கொண்டுபோகாதே, பிசாசுக்கு இடங்கொடாதே என்பதே கருத்து. உடல் களைத்து, பசித்து, தூக்கம் கண்ணைச் சுழற்றும் நேரத்தில் பேசித் தீர்க்க முயன்றால் புதிய சண்டைதான் பிறக்கும். அதற்கு முன்னால் பவுல் எடுத்தாளும் "கோபங்கொண்டாலும் பாவஞ்செய்யாதிருங்கள்" என்ற வாக்கியம் 4ஆம் சங்கீதத்தில் வருகிறது. அங்கே அடுத்ததாக, "உங்கள் படுக்கையிலே உங்கள் இருதயத்தில் பேசிக்கொண்டு அமர்ந்திருங்கள்" என்று இருக்கிறது. எனவே இரவு நேரமாகிவிட்டால், "நான் உன்மேல் பகை வைக்கவில்லை, நாளை காலை உணவுக்குப் பிறகு இதைப் பேசுவோம்" என்று நேரத்தைக் குறித்துச் சொல்லிவிட்டுப் படுங்கள். சொன்ன நேரத்தில் நீங்களே முதலில் பேச்சைத் தொடங்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த முறை அந்த வாக்கை யாரும் நம்ப மாட்டார்கள்.

கோபம் ஏறும் அந்தக் கணத்திலும் இதையே செய்யலாம். தாடை இறுகுவதோ, குரல் உயர்வதோ, மார்பு படபடப்பதோ, உங்களுக்கு முதலில் தெரியும் அடையாளம் எது என்று கண்டுபிடித்து மனைவியிடமும் சொல்லி வையுங்கள். அது தோன்றியதும், "கொஞ்ச நேரம் கழித்து வந்து கேட்கிறேன்" என்று சொல்லிவிட்டு அறையைவிட்டு வெளியே போங்கள். சொல்லாமல் கதவை அறைந்துவிட்டுப் போவது வேறு காரியம். வெளியே நின்று எதிர்வாதங்களைத் தயாரிக்காதீர்கள். "கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும்" என்ற 141ஆம் சங்கீதத்தின் ஒரு வரி ஜெபம் போதும். அதற்குப் பிறகு, காயீனிடம் கர்த்தர் கேட்ட கேள்வியை உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்: "உனக்கு ஏன் எரிச்சல் உண்டாயிற்று?" காயீன் பதில் சொன்னதாக எழுதப்படவில்லை. நீங்கள் பதில் சொல்லிப் பாருங்கள். "பயமாயிருக்கிறது", "அவமானமாயிருக்கிறது" என்பதே அடிக்கடி வரும் உண்மையான பதில்.

புத்தகத்தை எறிந்ததைப் பற்றி ஒரு வார்த்தை கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொருளை எறிவது, உடைப்பது, கை ஓங்குவது ஆகியவை மறுபடி நடந்தாலோ, மனைவியும் மகனும் உங்கள் காலடிச் சத்தத்திற்கே பயப்படுகிற நிலை இருந்தாலோ, இந்தக் கடிதப் பதில் போதாது. பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவரை நேரில் பாருங்கள். வீட்டில் இருப்பவர்களின் பாதுகாப்பு முதலில். "மன்னித்துப் பொறுத்துக்கொள்" என்று அவர்களிடம் சொல்வதற்கு யாருக்கும் உரிமையில்லை.

மன்னிப்புக் கேட்டால் மதிப்புப் போகுமா என்ற கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லலாம். காணிக்கையைப் பலிபீடத்தண்டையில் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடே ஒப்புரவாகு என்று ஆண்டவர் சொன்னபோது, உனக்கு வயதில் இளையவனாக இருந்தால் தேவையில்லை என்று விலக்கு வைக்கவில்லை. அப்பா தவறவே மாட்டார் என்று உங்கள் மகன் இதுவரை நம்பிக்கொண்டிருப்பான் என்றா நினைக்கிறீர்கள்? தவறியது அவனுக்குத் தெரியும். அது உங்களுக்குத் தெரியுமா என்பதுதான் அவனுக்குத் தெரியாது. கேட்கும் விதத்தில் மட்டும் கவனமாயிருங்கள். "நான் கத்தியது தப்புதான், ஆனால் நீயும் விவரமாகச் சொல்லியிருக்கலாமே" என்று தொடங்கினால் அந்த "ஆனால்" எல்லாவற்றையும் கெடுத்துவிடும். "நீ ஏன் வரமாட்டேன் என்கிறாய் என்று நான் கேட்கவில்லை. கத்தினேன், புத்தகத்தை எறிந்தேன், ஜெபத்தில் உன்னைக் குத்திப் பேசினேன். இவை மூன்றும் தவறு. என்னை மன்னித்துவிடு. நீ சொல்ல விரும்பும்போது கேட்கிறேன்" என்று சொல்லி நிறுத்துங்கள். அவன் உடனே நெகிழ்ந்து பேச வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். தோளைக் குலுக்கிவிட்டுப் போகலாம். பல நாள் கழித்து, வேறு ஏதோ வேலை செய்துகொண்டிருக்கும்போது, முகத்தைப் பார்க்காமலே பேச ஆரம்பிக்கலாம். அந்த நேரத்திற்கு ஆயத்தமாயிருங்கள்.

அவனுடைய விஷயத்தைச் சபையில் யாரிடமும் "ஜெபத்திற்காகப் பகிர்ந்துகொள்கிறேன்" என்று சொல்லித் திரியாதீர்கள். பிறர் வீட்டு வேதனை ஜெப விண்ணப்பம் என்ற பெயரில் சபை முழுவதும் சுற்றி வருவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 1935 முதல் 1937 வரை ஜெர்மனியில் ஃபிங்கன்வால்டே என்ற இடத்தில் போதகர் பயிற்சிப் பள்ளியை நடத்திய டீட்ரிச் போன்ஹோஃபர், ஒரு சகோதரனைப் பற்றி அவன் இல்லாத இடத்தில் பேசக்கூடாது என்று அங்கே ஒரு விதி வைத்திருந்தார். பேசிவிட்டால், பேசியதை அவனிடமே போய்ச் சொல்ல வேண்டும். கட்டுப்பாடான மாணவர்களுக்கே அதைக் கடைப்பிடிக்கத் திரும்பத் திரும்ப முயல வேண்டியிருந்தது. ஆனாலும் ஒரு குடும்பத்திற்கு இதைவிட நல்ல விதியை நான் காணவில்லை.

கடைசியாக, ஊழியத்திலிருந்து விலகுவது. வேண்டாம் என்பதே என் ஆலோசனை. நீங்கள் திடீரென்று விலகினால் காரணம் கேட்பார்கள்; சொன்னாலும் சொல்லாவிட்டாலும், என்னால்தான் அப்பா ஊழியத்தை விட்டார் என்ற பாரம் மகன் தலையில் ஏறும். அதற்குப் பதிலாக உங்கள் போதகரிடம் உங்கள் கோபத்தைப் பற்றி மட்டும் வெளிப்படையாகச் சொல்லி, அவ்வப்போது உங்களை விசாரிக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் சொந்த வகுப்பில், ஆளுக்கு ஒரு வசனமாக எல்லாரையும் உரக்க வாசிக்கவைக்கும் முறை இருந்தால், விருப்பமுள்ளவர்கள் வாசிக்கலாம் என்று இந்த வாரமே மாற்றிவிடலாம். இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாசிப்பது திக்கிப் பேசும் பிள்ளைகள் பலருக்கு எளிதாக இருக்கும். மகனைக் கேலி செய்தவர்களைப் பற்றி அவனுடைய வகுப்பு ஆசிரியரிடம் பேச வேண்டியதும் இருக்கிறது. ஆனால் யாரிடம் சொல்லலாம், எவ்வளவு சொல்லலாம், தான் அங்கே இருக்க வேண்டுமா என்பதை அவன்தான் தீர்மானிக்க வேண்டும். எனவே அதை அவனிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.